இலங்கை விழுந்தது விவசாயக் கடனாலா?

மணலூர்பேட்டைப் பக்கம் பயிர்க்கடன் தள்ளுபடிப் பேச்சு எழுந்தாலே, "இப்படிப் போனால் நாமும் இலங்கை மாதிரி ஆகிவிடுவோம்" என்று யாராவது ஒருவர் சொல்கிறார். இலங்கையில் நடந்தது வேறு. விவசாய நண்பர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கரும்பு போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். நட்டு, வெட்டு உத்தரவு கிடைத்து, மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து பணம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆறு மாதத்தில் அசலும் வட்டியும் கேட்கிற கடனை நம்பி நட்டால், பயிர் நன்றாக இருந்தும் ஆள் மாட்டிக்கொள்வார். பிறகு பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்தான். நாடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சொந்த ரூபாயை அச்சடிக்கலாம் (விலைவாசி ஏறும் என்பது வேறு விஷயம்). டாலரை அச்சடிக்க முடியாது. ஏற்றுமதி செய்தோ, வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் அனுப்பியோதான் அது வரவேண்டும்.

இலங்கை 2007 முதல் வெளிச்சந்தையில் டாலர் கடன் பத்திரங்களை விற்றது. உலக வங்கி, ஜப்பான் ஆகியோரிடம் முன்பு வாங்கிய கடனுக்கு வட்டி குறைவு, தவணை நீளம். பத்திரத்துக்கு வட்டி அதிகம். கெடு வந்தால் அசல் முழுவதையும் ஒரே தடவையில் கட்டவேண்டும். வேறு வெளிக் கடன்களும் சேர்ந்தன. அப்படிக் கட்டிய மத்தள விமான நிலையத்துக்கு விமானம் வருவதே அபூர்வம். கட்ட வழியில்லாதவருக்குக் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கிறவரை நம் ஊரில் என்ன சொல்லி அழைப்போம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

2019 கடைசியில் அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 சதவிகிதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. 2020-ல் கொரோனா, சுற்றுலாப் பயணிகள் நின்றனர். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. இயற்கை விவசாயம் என்றார்கள். டாலரை மிச்சம் பிடிக்கும் எண்ணமும் அதில் இருந்தது என்பதே என் கருத்து. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்துவிட்டது. மகசூல் விழுந்து, நெல்லில் தன்னிறைவு கண்ட நாடு அரிசி இறக்குமதி செய்தது. 2022 ஏப்ரல் 12-ல் வெளிக்கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தார்கள். சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர் 360 ரூபாய் வரை போயிற்று.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 1980-களில் வாங்கிய குறுகிய தவணைக் கடன்களோடு, வளைகுடாப் போரால் எண்ணெய் விலையும் ஏறியது. 1991-ல் சில வார இறக்குமதிக்கே டாலர் மிஞ்சியது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. நாடே நகைக்கடன் வாங்கியது எனலாம்.

கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன் ரூபாயில் வாங்கி ரூபாயில் கட்டுவது. தள்ளுபடி சரியா, தவறா என்று வாதாடலாம். அந்தத் தொகையை அரசு சங்கத்துக்குத் தாமதமாகத் தந்தால் அடுத்த போகத்துக்குக் கடன் கிடைக்காது. அது நியாயமான கவலை. ஆனால் டாலர் நெருக்கடிக்கும் அதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. உரமில்லாமல் நாற்று நட்ட இலங்கை விவசாயி ஒரு டாலர்கூடக் கடன் வாங்கியவர் அல்ல.

நாம் போடும் பொட்டாஷ் அநேகமாக முழுவதும் டாலர் கொடுத்து வாங்குவது. டாலர் கையிருப்பை ரிசர்வ் வங்கி வாராவாரம் வெளியிடுகிறது. மழை நிலவரம் பார்க்கும்போது அதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.