தோட்டத்தைத் துடைத்துவிட்டுக் கதை தேடுகிறோம்

தமிழில் நல்ல குழந்தைக் கதைகள் இல்லையென்று மேடைதோறும் முறையிடுவது வழக்கமாகிவிட்டது. முறையிடுவோரின் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்தால் காரணம் அங்கேயே கிடக்கும். மண் தெரியாதபடி சிமெண்டுப் பூச்சு. அதன்மேல் புழுவும் தீண்டாத அயல்நாட்டு அழகுச் செடிகள் நான்கு. மாதந்தோறும் மருந்து தெளிப்பவரின் வருகை. எறும்புக்கும் இடமில்லாத முற்றத்தில் கதைக்கு மட்டும் இடம் எங்ஙனம் வாய்க்கும்?

யாம் வாழும் ரிச்சர்ட்ஸ் டவுன், 1947 வரை ஆங்கிலேயர் ஆளுகையில் இருந்த கண்டோன்மென்ட்டைச் சேர்ந்தது. பூங்காவும், அதனைச் சுற்றித் தோட்டம் சூழ்ந்த வீடுகளுமாக விளங்கிய பகுதி. அவ்வீடுகளுள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. நிலத்தின் விலை அப்படி; அதற்காக அழுது பயனில்லை. எஞ்சிய நான்கடி மண்ணையும் நாமே துடைத்து வழிப்பதுதான் எமது வழக்கு.

‘கதை கற்பனையில் பிறப்பது; புதரில் பிறப்பதன்று’ என்பார் உளர். அவர்கள் நற்றிணையின் 172-ஆம் பாட்டைப் படிக்கட்டும். சிறுமியர் விளையாட்டாய் மணலில் அழுத்திய விதை, அவர்கள் மறந்துபோன பின் முளைவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அந்தப் புன்னை உங்களுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள் அன்னை. பின்னாளில், அதன் நிழலில் காதலனோடு நகையாட நாணுகிறாள் பெண். அகப்பாட்டுத்தான்; ஆயினும் அதனுள் ஒரு முழுமையான குழந்தைக் கதை அடங்கியிருக்கிறது. விதையை மறந்ததும் அது தானே முளைத்ததும் அன்றோ அக்கதையின் உயிர்! தொட்டிச் செடியை விலைகொடுத்து வாங்குவோர்க்கு அந்த வியப்பு ஏது?

வங்காளத்தைப் பாருங்கள். சத்யஜித் ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1910-இல் ‘டுன்டுனிர் போய்’ என்னும் நூலை வெளியிட்டார். டுன்டுனி என்பது நம் தையற்சிட்டு. வீட்டுப் பின்கட்டுக் கத்தரிச் செடியில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிறது. குஞ்சுகளைத் தின்ன வரும் பூனையிடம் பணிந்து பேசிக் காலங்கடத்துகிறது. குஞ்சுகள் பறக்கக் கற்றதும் பணிவைக் கைவிடுகிறது. பாய்ந்த பூனைக்குக் கிட்டுவது கத்தரி முள். அந்த முள்ளைத் தோட்டத்தில் கண்டவரே எழுத முடியும். 1894-இல் வெளிவந்த கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ நூலிலும் புகழ்பெற்ற கீரிப்பிள்ளைக் கதை நடப்பது காட்டிலன்று. வடநாட்டுக் கண்டோன்மென்ட் பங்களா ஒன்றின் தோட்டத்தில். அங்கும் ஒரு தையற்சிட்டு உண்டு. ஆளவந்த இனத்தாருக்கு நம் தோட்டத்தில் கதை கிடைத்தது. நாமோ கண்டறியாத சிங்கத்தையும் நரியையும் இன்னும் பேசவைத்துக்கொண்டிருக்கிறோம்.

காட்டுயிர்க்கு இடங்கொடுக்கும் தோட்டமென்றால் ஏக்கர்க் கணக்கில் நிலம் வேண்டா. ஓர் எலுமிச்சைச் செடி போதும். வண்ணத்துப்பூச்சி அதன் தளிரில் முட்டையிடும். வெளிவரும் புழு இளமையில் பறவை எச்சம்போலத் தோன்றிப் பகையை ஏய்க்கும். வளர்ந்தபின் பச்சை நிறங்கொண்டு இலையோடு இலையாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபட்ட கொம்பொன்றை நீட்டி நாற்றம் வீசும். அருகில் பேரிலைச் செடியொன்று இருப்பின் தையற்சிட்டு வரும். அலகால் இலைவிளிம்பில் துளையிட்டு, பஞ்சும் சிலந்தியிழையும் கொண்டு தைக்கும். தன் குஞ்சுக்கு அது கொண்டுபோவது புழுவை. இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை என் செய்யும்? பட்டாம்பூச்சியும் வேண்டும், சிட்டுக் குஞ்சும் பிழைக்க வேண்டும். நல்லவன் வாழ்வான் என்று நாம் ஒட்டவைக்கும் நீதி இங்கே செல்லாது. குஞ்சுகளைத் தேடிச் செம்போத்தும் வந்துவிட்டால் கதை இன்னும் இறுகும். மருந்து தெளித்த வீட்டிலோ புழுவும் இல்லை, சிட்டும் இல்லை, குழந்தைக்கு அந்தத் தவிப்பும் இல்லை.

கொசு வரும், பாம்பு வரும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில்; தொட்டித் தட்டையும் சிரட்டையையும் கவிழ்த்து வையுங்கள். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடி வரும். எலி குப்பையைத் தேடி வரும். குப்பையை அகற்றாமல் செடியை அகற்றுவது எந்த அலுவலகத்து நடைமுறையோ யாம் அறியோம். கோப்புகளிடையே நெடுநாள் கழித்த எமக்கே அது விளங்கவில்லை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இதில் இழப்பு இருமடங்கு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். தமிழ் அடுக்களையோடு சுருங்கிவிட்டது. எருக்கு, செம்போத்து, தையற்சிட்டு என்னும் சொற்களை அகராதியிலிருந்து ஊட்ட முடியாது. பொருளைக் கண்ட கண்ணுக்கே பெயர் தங்கும். அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கையைக் கூர்ந்து கண்டு ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். நம் குழந்தை எழுத்தாளருள் எத்துணைப் பேர் அவர் கட்டுரைகளைப் புரட்டியிருப்பர்?

சங்கங்கள் ஆண்டுதோறும் சிறுவர்க்குக் கதைப் போட்டி வைக்கின்றன. ‘இயற்கையைக் காப்போம்’ என்று தலைப்பும் தருகின்றன. வருவன யாவும் அறிவுரைகள். பரிசு பெறுவது பெரும்பாலும் பெற்றோரின் கைவண்ணம். அத்தலைப்பை விலக்குங்கள். சங்க வளாகத்திலோ வீட்டிலோ ஒரு மூலை மண்ணை ஓராண்டு வெட்டாமல், தெளிக்காமல் விடுங்கள். அங்கே எருக்கும் எலுமிச்சையும் ஆவாரையும் நிற்கட்டும். ஒரு திங்கள் ஒரே செடியைப் பார்த்த குழந்தைக்கே போட்டியில் இடமென்று விதி செய்யுங்கள். நடுவர்களும் அந்த ஒரு திங்கள் அச்செடியருகே வந்து நிற்க வேண்டும்.