தகட்டைத் தட்டிப் பார்த்தால் போதாது

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் இறைச்சியைப் புகையில் வாட்டப் பெல்லட் அடுப்பு வாங்குவோர் முதலில் எஃகுத் தகட்டின் தடிமனைத்தான் பார்க்கிறார்கள். தடித்த தகடு குளிர்காலத்திலும் சூட்டைக் காக்கும், மறுப்பில்லை. ஆனால் ஓரிகன் மாநிலத்து ஜோ ட்ரேகர் 1980-களில் உருவாக்கிய இந்த அடுப்பு, பாதி இயந்திரம். மரத்தூளை அழுத்திச் செய்த, பெல்லட் எனப்படும் சிறு குச்சிகளைத் திருகுதண்டு ஒன்று தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. பற்றவைக்கும் கம்பி, விசிறி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. தகடு ஓட்டையாவதற்கு வெகு முன்பே இவற்றில் ஒன்று நின்றுபோகலாம். ஆகவே உதிரிபாகம் தனியாகக் கிடைக்குமா, வீட்டிலேயே கழற்றி மாட்ட முடியுமா என்பதைத்தான் கடையில் முதலில் கேட்க வேண்டும்.

கரி அடுப்புக்கு இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். உண்மைதான், புகை மணமும் அதில் தூக்கல். ஆனால் மாட்டின் நெஞ்சுக்கறியை 107 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரம் வைத்திருக்க, கரிக்குப் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். தூக்கத்தை விற்றுப் புகையை வாங்கச் சிலருக்கு மனம் உண்டு, எல்லோருக்கும் இல்லை. பெல்லட் அடுப்பு கேட்கும் காவல் வேறு, ஈரத்துக்கு எதிரானது. நனைந்த குச்சி மறுபடி மரத்தூளாக உப்பி, திருகுதண்டைச் சுற்றிச் சிமெண்டுபோல் இறுகிவிடும். மழைக்காலத்துக்கு முன் மிச்சக் குச்சிகளை அள்ளி மூடிய டப்பாவில் வைக்கச் சோம்பல்படுபவருக்குக் கரியே நல்லது.