புல் மடிந்த கதையும் வயலிலிருந்து வரும் அறிக்கையும்

வருங்காலக் கதை என்றதும் விண்வெளிக் கப்பல்களும் இயந்திர மனிதர்களுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். விரிவாக்க ஊழியர்களும் ஆசிரியர்களும் அவற்றைப் படிக்காமற் போனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் 1956-இல் இங்கிலாந்தில் வெளிவந்த நாவல் ஒன்றை மட்டும் அவர்கள் அவசியம் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. ஜான் கிறிஸ்டோபர் என்ற புனைபெயரில் சாமுவேல் யூட் எழுதிய அந்நூலின் பெயரைத் தமிழில் ‘புல்லின் மரணம்’ எனலாம்.

கதையில், சீனாவின் நெல்வயல்களில் ஒரு வைரஸ் நோய் தோன்றுகிறது. எண்ணற்றோர் பட்டினியால் மடிகின்றனர். மருந்து காணப்படுகிறது, ஆனால் அம்மருந்துக்கு அடங்காத மற்றொரு வடிவம் தலையெடுத்து, கோதுமை, பார்லி, மேய்ச்சற்புல் யாவற்றையும் அழிக்கிறது. நெல்லும் கோதுமையும் கரும்பும் மூங்கிலும் ஒரே புற்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு, அதன் பொருளை இக்கதையைப்போல் உணர்த்துவது அரிது. (பிற்பகுதியில் கொலையும் கொடுமையும் மிகுதி, சிறுவர் கையில் நூலைக் கொடுப்பதைவிட ஆசிரியரே கதையைச் சொல்வது நலம்.)

புல்லினம் முழுவதையும் ஒரே நோய் அழித்துவிடும் என்பது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் தமக்கேற்ற பயிர்களையே பற்றும். ஒரே பயிரிலும் சில ரகங்கள் தப்பும். எனினும் இக்குறையைக் காட்டி நூலை ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. நெல்லில் குலைநோயை உண்டாக்கும் பூசண இனத்தின் வேறொரு கிளை, 1985-இல் பிரேசில் நாட்டில் கோதுமையைத் தாக்கியது கண்டறியப்பட்டது. அது 2016-இல் வங்காளதேசத்தில் தோன்றிச் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையில் பரவியது. ஆசியாவில் அதற்கு முன் அந்நோய் காணப்பட்டதில்லை.

நாவலில் என்னை அச்சுறுத்தியது வைரஸ் அன்று. மருந்து பயனற்றுப் போனதை அறிந்த அதிகாரிகள், மக்களிடம் அதை மறைத்து, எல்லாம் சீராகும் என்று கூறி வருகின்றனர். இறுதியில், உண்ணும் வாய்களைக் குறைக்கத் தம் நாட்டு நகரங்கள்மீதே குண்டு வீசத் திட்டமிடுகின்றனர். செய்தி வெளிவந்திருந்தால், கதாநாயகனின் அண்ணனைப்போல் பலரும் உருளைக்கிழங்கு பயிரிட்டிருப்பர் அல்லவா?

2016-இல் நடந்ததோ வேறு. நோயுற்ற கதிர்களிலிருந்து பெற்ற மரபணு விவரங்கள் சில வாரங்களிலேயே உலகறிய வெளியிடப்பட்டன; நோய் தென்னமெரிக்கக் கிளையைச் சேர்ந்தது என்பது விரைவில் தெளிவாயிற்று. 2017-இல் மேற்கு வங்காளத்தின் எல்லை மாவட்டங்களாகிய முர்ஷிதாபாத்திலும் நதியாவிலும் கோதுமைச் சாகுபடியே நிறுத்திவைக்கப்பட்டது. உழவருக்கு அது கடினமான முடிவே.

இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படை, வயலில் நிற்கும் ஊழியரின் முதல் அறிக்கை. ‘இலக்கு நிறைவேறியது’ என்ற பத்திக்கு இடமளிக்கும் படிவங்கள், ‘ஏதோ ஒன்று வழக்கம்போல் இல்லை’ என்று எழுத இடம் தருவது அரிது. தவறான எச்சரிக்கை பத்து வந்தாலும் ஊழியரைக் கடிந்துகொள்ளலாகாது என்றே மேலதிகாரிகளுக்குச் சொல்வேன். கோதுமைக் குலைநோயில், தாள் பச்சையாயிருக்கக் கதிர் மட்டும் வெளுக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முதிர்ந்த பயிராகவே தோன்றும். கதிரைக் கசக்கிப் பார்த்தால் மணி சுருங்கியிருக்கும், அல்லது இராது. நோயின் பெயர் தெரியாவிடினும், கண்டதைக் கண்டவாறே அன்றே எழுதி அனுப்பலாம்.