ரெக்சின் சீட்டுக்கு எண்ணெய் தடவாதீர்கள்!

அரியலூர்ப் பக்கம் காலையில் வண்டியை வெளியே எடுப்பவர்கள் முதலில் செய்யும் வேலை, சீட்டை உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு தேய்ப்பதுதான். கையில் வெள்ளையாகத் தூசு ஒட்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் லாரிகளும் உள்ள ஊர்களில் இது தினசரிக் காட்சி. ஆனால், சீட் சீக்கிரம் பாழாவதற்குத் தூசைவிட அந்த அவசரத் தேய்ப்பே பெரிய காரணம்.

அரியலூர் வட்டாரம் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலாக இருந்தது. வாரணவாசியில் உள்ள புதைபடிம அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் கடலின் உயிரினங்களைக் கல்லாகப் பார்க்கலாம். அன்றைய கடலடியில் படிந்த சுண்ணாம்புதான் இன்று தூசாகச் சீட்டில் வந்து உட்காருகிறது. படகுகளின் சீட்டும் நம் வண்டிச் சீட்டும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான். படகில் படியும் உப்பு நல்ல தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். சுண்ணாம்புத் தூசு அப்படிக் கரையாது. அதன் மேல் துணியை அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். பிறகு அந்தக் கீறல்களிலேயே அழுக்கு ஏறும்.

ரெக்சின் என்பது ஒரு ஆங்கிலேய நிறுவனத்தின் பொருளுக்கு இருந்த பெயர். இன்று அந்தப் பெயரில் நாம் வாங்குவது பெரும்பாலும் துணியின் மேல் பி.வி.சி. பூசிய விரிப்பு. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். குழாய் விறைப்பாக இருக்க, சீட் மட்டும் மெத்தென்று மடங்குவது ஏன்? மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்திருப்பதால்தான். வெயிலில் அது மெல்ல மெல்ல வெளியேறும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் இன்னும் வேகமாகப் போய்விடும். மிச்சமிருப்பது குழாய் மாதிரி விறைத்து, உட்காரும் இடத்தில் வெடிக்கும்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுபவர்கள் உண்டு. இரண்டு நாள் புதுசு போல இருக்கும். மூன்றாம் நாள் அதே எண்ணெயில் தூசு ஒட்டி, பிசுபிசுப்பாகி, சேலையிலும் வேட்டியிலும் கறை ஏறும். தலை சாயும் இடத்தில் சோபாவும் கார் சீட்டும் கறுத்து விறைப்பதும் தலை எண்ணெயாலும் வியர்வையாலும்தான். அந்த இடத்தை மட்டும் வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

சுத்தம் செய்யும் முறை எளிது. முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசைத் தட்டிவிடுங்கள். தையல் ஓரங்களில் பழைய டூத் பிரஷ் உதவும். சிமென்ட் தூள் என்றால் இது கட்டாயம், ஈரம் பட்டால் இறுகிவிடும். அடுத்து, ஒரு மக் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடையுங்கள். பிறகு வேறொரு ஈரத்துணியால் சோப்பை எடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். போர்த் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டுகள் விழும். அப்படி விழுந்தவற்றை, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுத் துடைத்து எடுக்கலாம். கடைசியில் நிழலில் காய வையுங்கள்.

பிளீச்சிங் பவுடர் தையல் நூலை இற்றுப்போகச் செய்யும், அதனால் வேண்டாம். அதை வினிகருடனோ பாத்ரூம் ஆசிட்டுடனோ கலந்தால் நச்சு வாயு வரும். ஒருபோதும் கலக்காதீர்கள். புதிதாக எந்த திரவத்தைப் பயன்படுத்தினாலும் சீட்டின் அடிப்பக்கம் சிறிது தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு மேலே வாருங்கள்.

ஐப்பசி மழையில் வேறு பிரச்சினை. தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே ஃபோமில் தங்கும். மேலே துடைத்தாலும் உட்கார்ந்ததும் ஈரம் கசியும், நாளடைவில் நாற்றமும் கரும்புள்ளியும் வரும். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி வைத்துக் காற்றாட விடுங்கள். மழை நின்ற பின்னும் பாலிதீன் உறையை அப்படியே விட்டால் உள்ளே புழுங்கும். வெயில் காலத்துக்குப் பருத்தித் துணி உறை நல்லது. சூடும் குறையும், பிள்ளைகளின் தொடையும் சுடாது.

தையல் ஒரு விரலளவு பிரிந்தாலும் அன்றே குஷன் கடைக்குப் போய்விடுங்கள். இப்போது கொடுப்பது தையல் கூலி மட்டும். தள்ளிப்போட்டால் ஃபோமும் ஊறி முழு சீட்டையும் மாற்ற வேண்டிவரும். ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சில நாள் வருமானம். வண்டி கடையில் நிற்கும் நாளில் சவாரியும் கிடையாது. காலையில் பிரஷ்ஷால் தட்ட ஆகும் இரண்டு நிமிடத்தில் அந்தச் செலவைப் பல வருடம் தள்ளிப்போடலாம்.