மாமை மறந்தோமோ?

சங்கச் சான்றோர் பெண்ணழகைப் பேசுமிடத்து மாமையைப் பெரிதும் போற்றினர். மாந்தளிரின் நிறம் அது. தலைவன் பிரிந்தால் தலைவியின் மேனியில் பசலை படரும், தோள் மெலியும், வளை கழலும். வெளிறுதலும் மெலிதலும் அவர்கட்குத் துன்பத்தின் அடையாளங்கள். வள்ளுவரும் பசப்புறு பருவரல், உறுப்புநலன் அழிதல் என இரண்டு அதிகாரங்களை இத்துயருக்கென்றே வகுத்தார்.

இன்றோ, நம் வளரிளம் பெண்கள் அவ்வெளிறலையும் மெலிவையுமே அழகென்று வேண்டி நிற்கின்றனர். 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. பெயர் மாறிற்று, வெண்மை வேட்கை மாறிற்றா?

உடையையும் எண்ணிப் பார்ப்போம். நம் மாவட்டத்து ஆரணியில் நெய்யும் பட்டுச்சேலை ஒல்லியர்க்கும் பருத்தவர்க்கும் ஒருங்கே பொருந்தும். ஆயத்த ஆடையோ முன்னரே ஓர் அளவைக் குறித்துக்கொண்டு வருகிறது. அது பொருந்தாதவிடத்து ஆடையைக் குறை கூறுவாரில்லை. தன் உடலையே நொந்துகொள்கிறாள் பெண். மறுநாள் காலை உணவு நின்றுவிடுகிறது.

திருவண்ணாமலையில் முழுநிலவு நாளில் முதிய பெண்டிர் 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையை வெறுங்காலுடன் நடந்து முடிக்கக் காண்கிறோம். அவர்தம் பேத்தியர் சிலர் வெறும் வயிற்றோடு பேருந்தேறி வந்து, வகுப்பறையில் தலைசுற்றி அமர்வதையும் காண்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். வறுமை, மாதவிலக்கு, இரும்புச்சத்துக் குறைவு எனக் காரணங்கள் பல. அவற்றோடு விரும்பி ஏற்கும் பட்டினியும் சேர்ந்தால் என்னாகும்?

இது நம் ஊர்க் கவலை மட்டுமன்று. பருத்த உடலைப் போற்றிய பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அறிஞர் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். எடை குறைப்பதற்காக வலிந்து வாந்தி எடுத்தோர் அவ்வாண்டில் ஒருவருமில்லை, 1998-இல் 11.3 விழுக்காட்டினர். மூன்றே ஆண்டுகளில் ஒரு சமுதாயத்தின் கண்ணாடியே மாறிவிட்டது.

கொடியிடை என்று பாடியவரும் நம் புலவரே அன்றோ என வினவலாம். உண்மை. ஆயின் அஃது உவமை. பட்டினி கிடந்து எட்டவேண்டிய அளவன்று. 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் பட்டினியன்று. பசியறிந்து, அளவறிந்து உண்ணலே.

ஆதலின், "கறுத்துவிட்டாய், பருத்துவிட்டாய்" என்னும் சொற்களை முதற்கண் நம் இல்லங்களிலிருந்து நீக்குவோம். சவ்வாது மலைச் சாமையும் கீரையும் நம் அடுக்களைக்கு எட்டாதவை அல்ல. மகள் முதலில் வயிறார உண்ணட்டும். மாமையைப் பாடம் நடத்தும் தமிழாசிரியராகிய நாம், அஃது அழகின் பெயர் என்பதை முன்வரிசையில் வெளிறி அமர்ந்திருக்கும் மாணவிக்கும் உணர்த்தக் கடமைப்பட்டுள்ளோம்.