விலகியவர் கடனாளியா?

பல்லாண்டு ஒரு சபையைக் கட்டிக் காத்தவர் களைத்து விலகினால், "பாதியில் விட்டுவிட்டாரே!" என்று பழிப்பது நம் வழக்கமாகிவிட்டது. இதைவிட நன்றிகெட்ட பேச்சு வேறில்லை என்பேன்.

சி. சு. செல்லப்பாவை எண்ணிப் பாருங்கள். 1959 ஜனவரியில் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கினார். விமரிசனத்துக்கும் புதுக்கவிதைக்கும் அது களமாயிற்று. வந்ததைப் படித்தவரும், வாதங்களுக்கு இடம் தந்தவரும், புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாய் ஏறி இறங்கியவரும் அவரே. 1970இல், 119 இதழ்களோடு ஏடு நின்றது. பின்னால்தான் எத்தனை கண்ணீர்! அதில் பாதியாவது அன்றே சந்தாவாக வந்திருக்கக்கூடாதா?

"தொடங்கியவருக்குத்தானே பொறுப்பு?" என்பீர்கள். தொடங்கியவர் தந்தது தம் ஆயுளில் ஒரு பங்கு. அடிமைச் சீட்டு அல்லவே!

மரக்காணத்துக்குப் போய் உப்பளத்தைப் பாருங்கள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்குகின்றன, வேலை நிற்கிறது. அந்த மாதங்களில் தொழிலாளிக்குக் கூலியில்லை என்பது தனித் துயரம். ஆனால், அளம் ஓய்ந்ததென்று எவரும் அதைத் தூற்றுவதில்லை. மழை விட்டதும் பல பேர் இறங்கிச் சேற்றை வாரி, வரப்பைக் கட்டுகிறார்கள். அதனால்தான் அடுத்த கோடையில் மறுபடியும் உப்பு விளைகிறது. ஒற்றை ஆளை நம்பிய அளம் எத்தனை மழையைத் தாங்கும்?

ஆகவே, விலகியவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். அவர் கீழே வைத்த மண்வெட்டியை எடுக்க உங்கள் கை ஏன் நீளவில்லை? அதைக் கேளுங்கள், உங்களையே.