மண் செரிப்பதும் செரியாததும்



அண்மையில் திண்டுக்கல்லை அடுத்த சிற்றூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். காலங்கடந்த மாத்திரைகளை மூதாட்டி ஒருவர் எருக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தார். "மண்ணுக்குள் போனால் எல்லாம் மக்கிப் போகும், சாமி" என்றார். அது பாதி உண்மையே.

ஒரு பிடி மண்ணில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவற்றை அவை விரைவில் சிதைத்துவிடும். வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெப்பினோ மாதக்கணக்கில் சிதையாது கிடக்கும். கிருமிக்கொல்லி மருந்துகள் செரிக்க வேண்டிய உயிர்களையே கொல்கின்றன. தப்பியவை அம்மருந்துக்கு அடங்காத வலிமை பெறுகின்றன. நாளை அவ்வலிமை நோய்க்கிருமிக்கும் பரவினால், நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்து பயனற்றுப் போகுமன்றோ? சோப்பு, பற்பசைகளில் சேர்த்த டிரைக்குளோசான் காவிரியிலும் தாமிரபரணியிலும் கலந்திருந்ததை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

மண்ணின் பொறுமைக்கும் எல்லையுண்டு என்பது நமக்குப் புதிதன்று. தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நம் பகுதிக் கிணறுகள் கெட்டதைக் கண்டோம். அதிலுள்ள குரோமியம் உலோகமாதலின், எந்த நுண்ணுயிராலும் அதை இல்லாமற்செய்ய இயலாது.

இத்தனைக்கும், காசநோய் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்தே கிடைத்தது. மருந்து தந்த மண்ணுக்கு நாம் நஞ்சு தருவதோ?

ஆகவே, மருந்தைத் தேவைக்கு மட்டும் வாங்குவோம். மருத்துவர் குறித்த நாள்வரை உட்கொள்வோம். காலங்கடந்த மருந்தைத் தீங்குதரும் வீட்டுக்கழிவென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகுத்தன. எருக்குழியிலும் சாக்கடையிலும் இடாது, அதனைத் தனியே கட்டித் துப்புரவுப் பணியாளரிடம் சொல்லி ஒப்படைப்போம்.